ஏழு வருடத் தற்காலிகம்

சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு வரும் காலைப் பேருந்து புதுச்சத்திரம் தாண்டியபோது செய்தி வந்தது. எங்கள் பிரின்சிபால் கைபேசியில் பேசினார். இரைச்சலில் பாதிதான் கேட்டது. "தமயந்தி மேடம் போயிட்டாங்கம்மா. விடியக்காலையிலயாம்." அவரே தொடர்ந்தார். "சனிக்கிழமை பரேடை யாரு பாக்கறதுன்னு வேற தெரியல." பிறகு, அதை இப்போது சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியதோ என்னவோ, "பாவம், நல்ல மனுஷி" என்று சேர்த்துக்கொண்டார்.

ஆலப்பாக்கம் வரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஒரு மாதம் ஆகியும் அது குறையவில்லை. ஆகவே தமயந்தியை அறிந்த உங்களுக்காக எழுதும் இதில் ஆறுதலான சொற்கள் அதிகம் இருக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமயந்தி எங்கள் மகளிர் கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர். நான் பொருளாதாரம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். 2005 முதல் இறக்கும்வரை கல்லூரியின் என்.சி.சி. மாணவியர் படைப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தார். பொறுப்பாளர் என்றுதான் சொல்ல வேண்டும், அதிகாரி என்று சொல்லக் கூடாது. அந்த வேறுபாடு உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம், அவர் அதைப் பற்றிப் பேசுகிறவர் அல்ல.

படைப் பிரிவு உள்ள கல்லூரியில் ஓர் ஆசிரியர் அதிகாரியாக இருக்க வேண்டும். அவர் வடக்கே மூன்று மாதப் பயிற்சிக்குப் போய் வந்தால் லெப்டினன்ட் பதவி, தோளில் நட்சத்திரம், சீருடை, மாதாமாதம் ஒரு படி எல்லாம் உண்டு. எங்களுக்கு இருந்த அதிகாரி திருமணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். புதிதாக ஒருவரை அனுப்பாவிட்டால் பிரிவையே எடுத்துக்கொள்வோம் என்று பட்டாலியன் அலுவலகத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். ஆசிரியர் கூட்டத்தில் பிரின்சிபால் கேட்டபோது எல்லோரும் மேசையைப் பார்த்தோம். வயதுத் தகுதி இருந்தவர்களுக்குக் கைக்குழந்தை இருந்தது. மற்றவர்களுக்கு வயது தாண்டிவிட்டது. தமயந்திக்கும் தாண்டிவிட்டது. அவர்தான் கையைத் தூக்கினார்.

"பயிற்சிக்கு உங்கள எடுக்க மாட்டாங்களே" என்றார் பிரின்சிபால்.

"ஆளு கிடைக்கற வரைக்கும் பாத்துக்கறேன் மேடம்."

"படி எதுவும் வராது. நட்சத்திரமும் கிடையாது. தற்காலிகப் பொறுப்புன்னுதான் போட முடியும்."

"போடுங்க."

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அவரைப் பிடித்துக்கொண்டேன். நாட்டுப்பற்று என்று ஏதாவது சொல்வார், மறுக்கலாம் என்று தயாராக இருந்தேன். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. "இப்ப மூணாவது வருஷம் படிக்கிற பொண்ணுங்க ரெண்டு வருஷம் வெயில்ல நின்னிருக்காங்க, வசந்தி. கடைசிப் பரீட்சை எழுதினாத்தான் சர்டிபிகேட். போலீஸ் செலக்‌ஷன்ல அதுக்கு மார்க் இருக்கு. இப்ப மூடினா நின்னதெல்லாம் வீண்" என்றார்.

"அது சரி. உங்களுக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. உன் பொருளாதாரத்துல இதுக்கு என்ன பேரு?"

"கணக்குல வராத உழைப்பு."

"பேரு நல்லா இருக்கே" என்று சிரித்துவிட்டு, அன்று மாலையே திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி ஒரு ஜோடி வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வாங்கினார். பருத்திச் சேலைக்குக் கீழே அந்த ஷூவை முதன்முதலாகப் பார்த்த சனிக்கிழமை, மாடி வராந்தாவில் நின்று நாங்கள் சிலர் சிரித்தோம். அவர் நிமிர்ந்து பார்த்து, "வந்து நின்னு பாருங்கடி, அப்புறம் சிரிங்க" என்றார்.

சல்யூட் விவகாரம் அன்றே தொடங்கியது. சல்யூட் பெறுகிறவர் திருப்பித் தர வேண்டும். சீருடை இல்லாதவர் கையை உயர்த்தக் கூடாது. பயிற்சி கொடுக்கப் பட்டாலியனிலிருந்து வந்த ஹவில்தார் வேலூர்ப் பக்கத்துக்காரர், விதிகளை விட்டு ஓர் அங்குலம் நகராதவர். இந்தச் சேலைக்காரம்மாவுக்குத் தான் சல்யூட் அடிக்க வேண்டுமா என்று மேலே கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று பதில் வந்தது. மாணவிகளுக்கு அது பொறுக்கவில்லை. அப்போது முதல் வருடத்தில் இருந்த கஸ்தூரி என்ற பெண், பிச்சாவரத்தை ஒட்டிய மீனவ ஊரிலிருந்து வந்தவள், எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டாள்.

"நாங்க அடிக்கிறோம். அவுரு மட்டும் ஏன் மேடம் அடிக்க மாட்டேங்கறாரு?"

"அவரு பட்டாளத்துக்காரரு. பதவி இல்லாதவளுக்கு அடிச்சா அது அவரு தப்பு. என்னால அவரு தப்புப் பண்ண வேணாம்."

"அப்ப நாங்க அடிச்சா நீங்க ஏன் திருப்பி அடிக்க மாட்டேங்கறீங்க?"

"அது என் தப்பு ஆயிடும். ஆனா உன் சல்யூட் எங்கயும் போயிடாது. நான் வாங்கிக்கறேன், பாரு."

அவர் வாங்கிக்கொள்ளும் விதத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குதிகால் இரண்டையும் சேர்த்து, கைகளைச் சேலை மடிப்போடு ஒட்டி, அடித்தவளின் கண்ணைப் பார்த்து, அந்தக் கை கீழே இறங்கும்வரை அசையாமல் நிற்பார். வரிசையில் கடைசிப் பெண்வரை ஒரே நிற்றல்தான். சில மாதங்களில் ஹவில்தார் தமக்கென ஒரு வழக்கம் உண்டாக்கிக்கொண்டார். மைதானத்துக்குள் நுழைந்ததும் பூட்ஸ் ஒலிக்க அட்டென்ஷனில் நின்று, கையை உயர்த்தாமல், உரத்த குரலில் "வணக்கம் மேடம்" என்பார். இவரும் குதிகாலைச் சேர்த்து "வணக்கம் ஹவில்தார்" என்பார். எந்த விதியிலும் இல்லாத மரியாதை அது. இரண்டு பேருமே விதியை மீறவில்லை என்பதில் இரண்டு பேருக்கும் ஒரு திருப்தி இருந்தது.

அவருடைய கணவர் ராமலிங்கத்துக்குப் பண்ருட்டியில் முந்திரி வியாபாரம். வீடு கடலூரில் மஞ்சக்குப்பத்தில். ஒரு பலாப்பழக் காலத்தில் நான் அங்கே போயிருந்தபோது அவர் சுளையைத் தட்டில் போட்டபடி சொன்னார். "சாப்பிடுங்கம்மா. எங்க ஜெனரல் வர நேரம் ஆகும். பண்ருட்டி சந்தையில மூட்டை தூக்கறவன்கூட கூலி வாங்காம முதுகைக் குனிய மாட்டான். இவ ஆறு மணிக்கே ஷூவ மாட்டிக்கிட்டுப் போறா." தமயந்தி உள்ளே வந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே, "நான் முதுகைக் குனியலியே. நேராத்தான நிக்கறேன்" என்றார். ராமலிங்கம் இன்னொரு சுளையை எடுத்து என் தட்டில் வைத்தார்.

"பெரிய சேவை" என்று நான் ஒருமுறை கொஞ்சம் குத்தலாகவே சொன்னேன். தமயந்திக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். "சேவைன்னு சொல்லாத. வேலைன்னு சொல்லு. சேவைன்னு பேரு வெச்சுட்டா எப்ப வேணும்னாலும் விட்டுடலாம்னு ஆயிடும்" என்றார்.

அந்த வேலையை அவர் எப்படிச் செய்தார் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. கஸ்தூரி கடைசி வருடத்தில் இருந்தபோது கல்லூரியில் புதுக் கட்டடத் திறப்பு விழா. பெரிய மனிதர்கள் பலர் வருகிறார்கள். படைப் பிரிவுப் பெண்கள் சீருடையில் வாசலில் இரண்டு பக்கமும் நின்று சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் பிடிக்க வேண்டும் என்று பிரின்சிபால் சொல்லி அனுப்பினார். ஊரில் எல்லா விழாக்களிலும் நடப்பதுதான். தமயந்தி நேரே அவர் அறைக்குப் போனார். வேறு வேலையாக நானும் அங்கே இருந்தேன்.

"பிள்ளைங்க அணிவகுப்பு மரியாதை தருவாங்க மேடம். தட்டு பிடிக்க வர மாட்டாங்க."

"என்னம்மா இது, ஒரு பத்து நிமிஷம் நிக்கறதுக்கு."

"சேலை கட்டிக்கிட்டு நிக்கறதா இருந்தா நானே வந்து நிக்கறேன். அந்த யூனிபார்மப் போட்டுக்கிட்டுப் பன்னீர் தெளிக்க முடியாது."

"இத முடிவு பண்ண நீங்க யாரு? நீங்க ஆபீசர்கூட இல்ல."

"அதனாலதான் மேடம் சொல்றேன். ஆபீசரா இருந்தா மேல இருந்து ஒரு போன் வந்தா கேட்டாகணும். என்கிட்ட எடுத்துக்கறதுக்கு ஒண்ணுமே இல்லியே."

பிரின்சிபாலுக்கு முகம் சிவந்தது. அடுத்த வாரத்திலிருந்து வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். விழாவில் இயற்பியல் துறைப் பெண்கள் பட்டுச் சேலையில் சந்தனம் கொடுத்தார்கள். அடுத்த வாரம் வந்தது. வேறு ஆள் கிடைக்கவில்லை. சனிக்கிழமை வழக்கம்போல அதே ஷூ, அதே மைதானம். சம்பளம் தராத ஒருவரை எதிலிருந்து நீக்குவது என்று நான் அன்று ரசித்துச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது அந்த வாக்கியத்தை நினைத்தால் அவ்வளவாக ரசிக்க முடியவில்லை.

இன்னொன்று. சென்ற வருடக் கடைசியில் அடித்த புயலில் கடலூர் தலைகீழானது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராமலிங்கத்துக்குப் பரம்பரையாக வந்த முந்திரித் தோப்பில் ஒரு மரம் மிஞ்சவில்லை. ஊரெல்லாம் மின்கம்பம் சாய்ந்து கிடந்தது. கல்லூரிச் சாலையில் மரங்களை அகற்ற மாணவிகளை அனுப்பும்படி நிவாரண வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் வந்து கேட்டார். தமயந்தி சாலைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"மரத்துக்கு அடியில லைன் கிடக்குது சார்."

"கரன்ட்டே இல்லியே மேடம், எந்த லைன்?"

"எதுத்தாப்ல ரெண்டு வீட்ல ஜெனரேட்டர் ஓடுது. அதுல இருந்து கரன்ட் லைனுக்குத் திரும்பி வராதுன்னு நீங்க சொல்றீங்களா?"

"பட்டாளம்னு சொல்றீங்க, இதுக்கே பயந்தா எப்படி?"

"பயந்தான் சார். இதுங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அப்பா அம்மா உங்ககிட்ட வர மாட்டாங்க. என் வீட்டு வாசல்லதான் வந்து நிப்பாங்க."

மின்வாரிய ஆட்கள் வந்து கம்பியை வெட்டி எடுத்த பிறகுதான் பெண்களைச் சாலையில் இறக்கினார். அதுவரை விடுதியில் தண்ணீர் இறைக்கவும், முகாமில் இருந்தவர்களுக்குச் சோறு கட்டவும் வைத்தார். அந்தப் பெண்கள் எவரும் சிறு கீறல்கூட இல்லாமல் வீடு திரும்பினார்கள். நடக்காமல் போன விபத்துக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. அவருக்கு ஒரு ரூபாயும் கூடவில்லை, ஆனால் ஏதாவது நடந்திருந்தால் பொறுப்பு முழுவதும் அவர் தலையில்தான் விழுந்திருக்கும். இதை அவரிடம் சொன்னேன். "பொறுப்புக்கு அரைச் சம்பளம், கால் சம்பளம்னு கிடையாது வசந்தி. அது எப்பவும் முழுசாத்தான் வரும்" என்றார்.

கோடையில் நோய் தெரிந்தது. புதுச்சேரியில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போவேன். பேச்சு பெரும்பாலும் அடுத்த பிப்ரவரியில் வரும் கடைசிப் பரீட்சையைப் பற்றித்தான் இருக்கும், யார் அணிநடையில் தடுமாறுகிறாள், யாருக்கு வரைபடம் படிக்க வரவில்லை என்று. நான் கடைசியாகப் போன நாளில் அவர் அதைப் பேசவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் நின்னதாலதான் அந்த இடம் காலியாவே இருந்துடுச்சு."

எனக்குப் புரியவில்லை.

"ஆளு கிடைக்கற வரைக்கும்னுதான வந்தேன். ஏழு வருஷம். எத்தனை சின்னப் பொண்ணுங்க புதுசா வேலைக்கு வந்தாங்க? ஒருத்தியையாவது கூப்ட்டு, பயிற்சிக்குப் போறியா, உன் குழந்தைக்கு ஒரு ஏற்பாடு பண்ணித் தர்றோம்னு யாராவது கேட்டாங்களா? எதுக்குக் கேக்கணும்? சும்மா நிக்க ஒருத்தி இருக்கா."

"நீங்க நிக்கலன்னா கஸ்தூரி இன்னைக்கு போலீஸ்ல இல்ல."

"அதுவும் நெசந்தான்" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்த ஷூவ வாங்கியிருக்கக் கூடாது. செருப்போட போய் நின்னிருக்கணும். பாக்கறவங்களுக்கு ஒவ்வொரு வாரமும் உறுத்தியிருக்கும். ஷூவ மாட்டினதும் எல்லாருக்கும் சரியாப் போச்சு" என்றார்.

அவர் அதை வருத்தமாகச் சொன்னாரா, வேடிக்கையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. முகத்தில் இரண்டும் இருந்தன. நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். கையை ஆட்டி நிறுத்திவிட்டார். "நான் கேக்காம செஞ்சேன்னு பின்னால யாராவது பெருமையாப் பேசுவாங்க. நீ தலையாட்டாத."

மஞ்சக்குப்பம் வீட்டில் அவரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பட்டாலியனிலிருந்து யாரும் வரவில்லை. வர வேண்டிய முறையும் இல்லை. ஓய்வுபெற்றுப் போய்விட்ட ஹவில்தாருக்கு எப்படியோ சேதி போய், வெள்ளை வேட்டியில் வந்து வாசலோரம் நின்றிருந்தார். மதியத்துக்கு மேல் கஸ்தூரி வந்தாள். சிதம்பரத்தில் பணியிலிருந்து நேராக, காக்கிச் சீருடையோடு. கூட்டம் வழி விட்டது. பெட்டிக்கு முன்னால் நின்று, தொப்பியைச் சரிசெய்து, சல்யூட் அடித்தாள். கையை இறக்கவில்லை. பெட்டிக்குள் இருந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண் தன்னைப் பார்த்துச் சல்யூட்டை வாங்கிக்கொள்ளும் என்று காத்திருக்கிறாள் என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. ஹவில்தார் அருகில் வந்து மெதுவாக, "போதும்மா, மேடம் வாங்கிக்கிட்டாங்க" என்றார். அப்புறம்தான் கை இறங்கியது.

ராமலிங்கத்தின் உறவினர் ஒருவர் அவர் காதருகே கேட்டார். "ஏன் மச்சான், தங்கச்சி மிலிட்டரியிலயா இருந்துச்சு?"

"இருந்தா" என்றார் ராமலிங்கம். "சம்பளந்தான் வரல."

இரங்கல் கூட்டம் அடுத்த வாரம் கல்லூரி அரங்கில் நடந்தது. பிரின்சிபால் பேசும்போது அவருக்கு உண்மையாகவே குரல் உடைந்தது. அதை நான் சந்தேகிக்கவில்லை. "ஏழு ஆண்டுகள், ஒரு பைசா ஊதியம் எதிர்பாராமல், தன்னலம் இல்லாத சேவை" என்றார். அரங்கம் கைதட்டியது. இரங்கல் கூட்டத்தில் கைதட்டக் கூடாது என்பதுகூட யாருக்கும் தோன்றவில்லை. என் கைகள் மடியிலேயே இருந்தன. என்னையும் பேசச் சொன்னார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். அன்று பேசாததைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் பிரின்சிபால் என் தோளைத் தொட்டார். "உங்க சிநேகிதி விட்டுட்டுப் போனது. ஆளு கிடைக்கற வரைக்கும் நீங்க பாத்துக்கக் கூடாதா? மூணாவது வருஷப் பொண்ணுங்களுக்குப் பிப்ரவரியில பரீட்சை வேற இருக்கு."

அதே வாக்கியம். அதே காரணம். காரணம் உண்மையானது என்பதுதான் கஷ்டம்.

இரண்டு நாள் அவகாசம் கேட்டு, பிறகு போய்ச் சொன்னேன். சனிக்கிழமை நான் வந்து நிற்கிறேன். பொறுப்பு என்று என் பெயரை எதிலும் போட வேண்டாம். அதிகாரி இடம் காலி என்று ஆசிரியர் அறையின் அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். பயிற்சிக்குப் போகிறவருக்குக் கல்லூரி என்ன உதவி செய்யும் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். "கண்டிப்பா செஞ்சுடலாம்" என்றார் பிரின்சிபால். அந்தச் சொல்லை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

முதல் சனிக்கிழமை பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். மூத்தவள் முன்னால் வந்து சல்யூட் அடித்தாள். அவள் கண்ணில் இருந்த கேள்வி எனக்குத் தெரிந்தது. என் உடம்பு எதற்கும் விறைத்து நின்று பழகியதில்லை. கொடியேற்றும்போதுகூடக் கொஞ்சம் சாய்ந்து நிற்பவள் நான். ஆனால் குதிகால் தானாகச் சேர்ந்தது. கைகள் சேலை மடிப்பைத் தேடிப் போயின. அவள் கை இறங்கும்வரை அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இது தமயந்தியிடமிருந்து எனக்கு வந்தது. யாரும் சொல்லித் தரவில்லை, மாடி வராந்தாவிலிருந்து பார்த்துப் பார்த்து ஒட்டிக்கொண்டது.

அவர் நின்றதாலேயே அந்த இடம் காலியாக இருந்தது என்ற வாக்கியமும் அவரிடமிருந்து வந்ததுதான். இரண்டையும் வைத்திருக்கிறேன். ஒன்று என்னை மைதானத்துக்குப் போகச் சொல்கிறது, இன்னொன்று போகாதே என்கிறது. அவருக்கும் ஏழு வருடம் இப்படித்தான் இருந்திருக்குமா, அல்லது அந்தக் கடைசி நாட்களில்தான் தெரிந்ததா? கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

மூன்று சனிக்கிழமைகள் ஆகிவிட்டன. பலகையில் இன்னும் எதுவும் ஒட்டவில்லை. நேற்று ராமலிங்கம் அந்த வெள்ளை ஷூவைத் துவைத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்பியிருந்தார். எனக்குச் சரியான அளவுதான். மேசைக்கு அடியில் வைத்திருக்கிறேன். நாளை சனிக்கிழமை. செருப்போடுதான் போய் நிற்கப்போகிறேன்.